ஊற்றுப் பாறையோரம் நான் வரைந்த கொடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். நான் எட்டாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துப்பிழை வருமே என்ற கூச்சம் ஒரு பக்கம் இருந்தது, ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அது இல்லை. எங்கள் மலைப் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றி ஒரு கதை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பாடமாகவே சொல்கிறார்கள். அந்தக் கதையில் எனக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் எனக்குச் சேர்ந்தது இல்லை. இதைச் சொல்லாமல் இருப்பதும் பாவமாகப் பட்டது, சொன்னால் அம்மா மனசு நோகுமே என்றும் பட்டது.

காளியம்மன் சந்நிதியில் வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துப் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளை வந்தால் எழுதலாம். மூன்று வருஷம் ஆடியில் கேட்டேன், மூன்று தடவையும் சிவப்பே வந்தது. சரி தாயே, உனக்கு இஷ்டமில்லாததை நான் எதற்குச் செய்கிறேன் என்று விட்டுவிட்டேன். போன தை மாதம் அம்மா இறந்துபோனாள். இந்த ஆடியில் வெள்ளை வந்தது. வந்த பிறகும் சும்மா இருந்தால் கேட்டதற்கு மரியாதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் பிறந்த ஊர் தருமபுரி மாவட்டத்தில், அரூருக்கு மேலே ஒரு மலையில் இருக்கிறது. எங்கள் சாதிச் சான்றிதழில் மலையாளி என்று போட்டிருக்கும். கல்யாணமாகிக் கம்பைநல்லூர்ப் பக்கம் வந்த புதிதில், பக்கத்து வீட்டு அக்கா, “ஓணத்துக்கு என்னங்க செய்வீங்க?” என்று கேட்டார். கேரளாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆண்டவர்கள் என்பதால் அந்தப் பெயர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வதைச் சொன்னேன். “அப்பிடீங்களா, இப்ப யாருங்க ஆளறாங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு எட்டு வயது நடந்த வருஷம் அது. அரசுப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஒரு காட்டாற்றைத் தாண்ட வேண்டும். மழைக்காலத்தில் நாங்களும் அந்தப் பக்கம் போக முடியாது, வாத்தியாரும் இந்தப் பக்கம் வர முடியாது. அதனால் ஊர்க்காரர்களே மண்சுவர் வைத்து, புல் வேய்ந்து, காளியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டார்கள். அப்பாவின் தங்கை, எனக்கு அத்தை, கீழே விடுதியில் தங்கிப் பத்தாவது முடித்திருந்தாள். காலையில் அவள் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பாள். மதியத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டாருக்கு முறை. ஒரு நாள் தேன் எடுக்கிறவர் வந்து, எந்தப் பூ பூத்தால் எந்தப் பாறையில் தேன் கட்டும் என்று சொல்வார். ஒரு நாள் சாமை விதையைச் சாம்பலில் கலந்து வைக்கிற விதம். அத்தைக்கு முறை வந்த நாளில் சர்க்கரைக்கொல்லி இலையை ஆளுக்கொன்று மெல்லச் சொல்லிவிட்டு, கையில் வெல்லம் கொடுத்தாள். வெல்லம் மண்ணாக இருந்தது. ஒரு பையன் காளியம்மா தன் நாக்கைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அழ ஆரம்பித்துவிட்டான்.

அந்த இலை ஒரு காலத்தில் எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு சரிவு முழுக்கப் படர்ந்து கிடந்ததாம். அம்மா கல்யாணமாகி வந்த சமயம் கீழேயிருந்து ஆட்கள் வந்து கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள்தான் வேரோடு பிடுங்கி மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை. இரண்டு வருஷத்தில் அந்த இடத்துக்கு மொட்டைச்சரிவு என்று பெயர் வந்தது. முள்செடிதான் அங்கே மிச்சம். அத்தை கொடுத்த இலை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவள் வேலி கட்டி வளர்த்த ஒரே கொடியிலிருந்து பறித்தது.

அந்த வருஷம் எங்கள் மலையையே பள்ளிக்கூடத்துச் சுவரில் வரைந்துவிடுவது என்று ஊர் கூடி முடிவெடுத்தார்கள். புத்தகத்தில் கடல் இருந்தது, ரயில் இருந்தது, எங்கள் மலை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் மலையில் ஒரு பக்கத்தைப் பிரித்துக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஊற்றுப்பக்கம். செம்மண், வெள்ளைமண், அடுப்புக்கரி, மஞ்சள், பச்சைக்கு அவரை இலைச்சாறு. எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கேற்றித் தேங்காய் உடைத்துக் காளியம்மாவைக் கும்பிட்டுத் தொடங்கிய சுவரில் யார் கை வரைந்ததையும் இன்னொரு கை அழிக்கக் கூடாது. மழைதான் அழிக்க வேண்டும். கோணல் மூக்கோடு ஒருவர் புலி வரைந்துவிட்டால் அடுத்த ஐப்பசிவரை அந்தப் புலி கோணல் மூக்கோடுதான் இருக்கும்.

அத்தை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. “கண்டதக் கண்டபடி வரையணும், தெரிஞ்சத வுட்டுறக் கூடாது” என்பாள். நான் அதைத் திருநீறு மாதிரி நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்தேன்.

அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவள். ஆனாலும் ஊற்றுப்பக்கத்தை அழகாக வரைந்தாள். கோயிலிலிருந்து போகிற தடம், தடம் திரும்புகிற இடத்தில் மூன்று பாறை, பாறைக்கு அடியில் ஊற்று, தண்ணீர் குடிக்கிற ஒரு மாடு. எல்லாம் வரைந்துவிட்டு, நடுப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடத்தைச் சும்மா விட்டுவிட்டாள்.

அந்த ஒரு சாண் இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு முந்தின அறுவடைச் சமயம் என்னை வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அம்மா என்னையும் அங்கே கூட்டிப்போனாள். “அந்தப் பக்கம் திரும்பி உக்காரு புள்ள” என்றாள். ஒதுங்கப் போகிறாள் என்று நினைத்துத் திரும்பி உட்கார்ந்தேன். ரொம்ப நேரமாக வரவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். அம்மா பாறையோரம் படர்ந்திருந்த ஒரு கொடியின் அடியில் மண்ணை விலக்கி, ஒரு விரல் அளவு வேரை மட்டும் ஒரு பக்கமாக நறுக்கி எடுத்தாள். திரும்ப மண்ணை மூடி, மடியிலிருந்த தினைமாவை அங்கே தூவிக் கும்பிட்டாள். பிரசவமான பொம்பளைக்கு ரத்தம் நிற்காமல் போனால் எங்கள் பக்கம் அந்த வேரைத்தான் அரைத்துக் கொடுப்பார்கள். மலை முழுக்கத் தேடினாலும் கொடி அந்த ஓர் இடத்தில்தான் இருந்தது. வயசுக்கு வந்த பெண்ணுக்கு, அதுவும் நம்பிக்கையான பெண்ணுக்கு மட்டும்தான் இடத்தைக் காட்டுவார்கள். இந்த விஷயமெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கொடியும் இலையும்தான். கொடியின் பெயரை இங்கே எழுதவில்லை, இலை எப்படி இருக்கும் என்பதையும் எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆக, அம்மா மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். படிக்காதவள், அவளுக்கு அத்தையின் விதி எப்படித் தெரியும் என்று ஒரு இரக்கம் வேறு.

பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. அவர் பார்த்து எழுதிக்கொடுத்தால்தான் எங்களைக் கீழே ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். அவர் வருகிற அன்று காலையில், பெரியவர்கள் தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, நான் பச்சைச் சாற்றுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மா விட்ட இடத்தை நிரப்பினேன். அடியிலிருந்து நுனிவரை, இலைக்கு இலை, நரம்புகூட விடாமல் வரைந்தேன். அதுவரை நான் வரைந்த எதுவும் அது மாதிரி வந்ததில்லை. பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

முதலில் பார்த்தது பெரியப்பா. அப்பாவின் அண்ணன், ஊருக்கும் அவர்தான் பெரியவர். கையிலிருந்த மாவிலையைக் கீழே போட்டுவிட்டார்.

“யாரு வரைஞ்சது இத?”

“நானுங்க பெரியப்பா. அம்மா வுட்டுட்டா.”

அத்தை ஓடி வந்தாள். அம்மா வந்தாள். நிறைமாதமாக இருந்த சின்னம்மா, சித்தப்பாவின் மனைவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். எல்லாரும் என் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவ்வளவு நன்றாக வரைந்தால் அப்படித்தான் நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது கீழ் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது.

“அந்த வேர்க்காரர் ஜீப்பு சத்தமாட்டம் இருக்குதே அண்ணா” என்றாள் அத்தை.

“அதிகாரிக்கு வேற வண்டி கெடைக்கலயாம். அவருதான் கூட்டியாறாரு.”

வேர்க்காரர் என்று நாங்கள் சொன்னது, மலையூர்களில் மூலிகை வாங்குகிற ஒரு வியாபாரியை. புதிதாக இந்தப் பக்கம் வர ஆரம்பித்தவர், சாதுவான மனிதர், எங்களுக்கு பிஸ்கட் கொடுப்பார். சட்டைப்பையில் ஒரு காய்ந்த இலையைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, இந்தக் கொடி எங்கே இருக்கிறது என்று பல மாதமாக ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டிருந்தார். இலை எங்கிருந்தோ அவர் கைக்குக் கிடைத்துவிட்டது. இடம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடத்தை நான் கோயிலிலிருந்து வழியோடு சுவரில் எழுதி வைத்திருந்தேன்.

“துணியத் தண்ணியில நனைங்க, அழிச்சிரலாம்” என்றார் யாரோ.

“அழிக்கறதா? வெளக்கு வெச்ச சுவரு” என்றார் பெரியப்பா. “ஆத்தா கண்ணு முன்னால வாக்குக் குடுத்துட்டு...”

சின்னம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முதல் பிரசவத்திலேயே ரத்தம் நிற்காமல் போய்ப் பிழைத்து வந்தவள்.

அம்மா என்னைத் திட்டவில்லை. என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். சுவரில் வரைந்திருந்த கோயிலைத் தாண்டி, மறுகோடிக்குப் போனாள். மொட்டைச்சரிவு வரைந்திருந்த இடத்தில் விரலைத் தோய்த்து அதே கொடியை வரைந்தாள். அவசரத்தில் இலைகள் கோணலாக வந்தன. அத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். “ஐயோ அண்ணி!” என்று சொல்லிவிட்டு, அவளும் ஒரு கிண்ணத்தை எடுத்து ஆற்றோரம் ஒரு கொடி வரைந்தாள். பிறகு ஊரே வரைந்தது. தேன்பாறையில் கொடி, சாமைக்காட்டில் கொடி, கோயில் கூரையில் கொடி. சின்னம்மா குனிய முடியாமல் நின்றபடியே மேகத்துக்குப் பக்கத்தில் ஒன்று வரைந்தாள். வாழ்க்கையில் ஒரு கோடு கிழித்தறியாத பெரியப்பா, கோணல் மூக்குப் புலியின் வாலில் ஒன்றைச் சுற்றிவிட்டார்.

“அண்ணா, அது கொடியா கொடலா?” என்றாள் அத்தை.

“கையில வர்றதுதான் வரும். நீ வரை.”

எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. என்னுடையதைப் பார்த்து ஊரே வரைகிறதே! பிறகு அழுகை வந்தது. இத்தனை கொடிக்கு நடுவில் என்னுடையது எது என்று யாருக்குத் தெரியும்?

ஜீப் வந்து நின்றது. அதிகாரி நல்லவர். எங்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார், கணக்குப் போடச் சொன்னார். சுவர் முழுக்கச் சுற்றிப் பார்த்து மாடு நன்றாக இருக்கிறது, தேன்பாறை நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “கொடிதான் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்க” என்றார்.

“பார்டருங்க சார்” என்றார் பெரியப்பா.

வேர்க்காரர் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, இலையைச் சுவரோடு வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிஸ்கட்டை என் கையில் வைத்தார்.

“பாப்பா, இத்தன கொடி வரைஞ்சிருக்கீங்களே, இதுல நெசமாலுமே இருக்கறது எது கண்ணு?”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான்தான் முதலில் வரைந்தேன், இதோ இதுதான் நிஜம், மற்றதெல்லாம் பார்த்து வரைந்தது. இதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கைகூட நீண்டுவிட்டது. அந்த நேரத்தில் அம்மாவைப் பார்த்தேன். வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரலெல்லாம் பச்சை. முகத்தில் ரத்தமே இல்லை. அம்மாவை அப்படி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். அதிகாரி எல்லார் படத்தையும் நன்றாக இருக்கிறது என்றாரே, அம்மா வரைந்த கொடியை ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே! அதுதான் கோணலாகவும் இருந்தது. அதற்குத்தான் அம்மா முகம் அப்படி ஆகிவிட்டது. பாவம், பள்ளிக்கூடம் போகாதவள்.

நீட்டிய கையைத் திருப்பினேன்.

“அதோ, மொட்டைச்சரிவுல இருக்குது பாருங்க, எங்கம்மா வரைஞ்சது. அதாங்க நெசம்.”

வேர்க்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எட்டு வயதுப் பிள்ளை முகத்தில் பொய் இருக்கிறதா என்று பார்த்திருப்பார். என் முகத்தில் ஒரு பொய்யும் இல்லை. அம்மாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அதில் இல்லை.

அதிகாரி எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். ஜீப் வளைவைத் தாண்டியதும் அத்தை என்னைத் தூக்கிக்கொண்டாள். பெரியப்பா உள்ளங்கை அளவு வெல்லக்கட்டியைக் கொண்டுவந்து கொடுத்து, “யம்மாடி, என்னா புத்தி! என்னா புத்தி!” என்றார். சின்னம்மா என் நெற்றியை வழித்து முத்தமிட்டாள். அம்மா மட்டும் கிட்டே வரவில்லை. கோயில் வாசலில் போய் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள், ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. கொடியை அவ்வளவு அழகாக வரைந்ததற்குத்தான் வெல்லம் என்று நினைத்தேன். அதை நான் ஒருத்தியே தின்றேன்.

அடுத்த வாரம் வேர்க்காரர் நாலு ஆட்களோடு வந்து மொட்டைச்சரிவில் இரண்டு நாள் தேடினார். கை காலெல்லாம் முள் கிழித்துத் திரும்பிப்போனார். தேடத் தெரியாத மனுஷன், பாவம் என்று நினைத்தேன். அந்த மாதக் கடைசியில் சின்னம்மாவுக்குப் பையன் பிறந்தான். மறுபடியும் அதே கஷ்டம் வந்தது. அம்மா விடியற்காலையில் தனியாகப் போய் வந்தாள். காளியம்மா புண்ணியத்தில் மூன்றாம் நாள் சின்னம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். ஐப்பசி மழையில் சுவரிலிருந்த எல்லாக் கொடிகளும் ஒன்றாகக் கரைந்து ஓடின.

ஆறு வருஷம் கழித்து நான் வயசுக்கு வந்தேன். மஞ்சள் தண்ணி ஊற்றி ஒரு மாதம்கூட ஆகவில்லை, அம்மா என்னை அந்த மூன்று பாறைக்குக் கூட்டிப்போனாள். என்னைவிடப் பெரிய பெண்கள் ஊரில் இருந்தார்கள், அவர்களுக்கெல்லாம் இன்னும் காட்டவில்லை.

“எனக்கு எதுக்கும்மா இப்பவே?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு அத்தன பேருக்கு நடுவுல, எட்டு வயசுல, என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிக்கிட்டு அவர மொட்டச்சரிவுக்குத் திருப்பிவுட்டவ நீ. உனக்குக் காட்டாம யாருக்குடி காட்டறது?”

அந்தப் பாறை மேல் நின்றபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அம்மா மறந்து விட்ட இடம் இல்லை அது. ஊர் என்னைப் பார்த்து வரையவில்லை, நான் வரைந்ததை மறைக்கத்தான் வரைந்தது. அந்த முகம் பாராட்டுக் கிடைக்காத முகம் இல்லை. நான் கையை நீட்டிய பக்கத்தைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு உயிர் போயிருக்கிறது.

இல்லம்மா, எனக்கு ஒன்றும் தெரியாது, உன் படம் கோணலாக இருந்ததே என்றுதான் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து தினைமாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் தூவிக் கும்பிட்டேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இருந்தது, அப்போதும் சொல்லவில்லை. கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, பார்க்க வந்தவர்களிடம் என்னைக் காட்டி, “இதுக்கு அப்பவே அத்தன புத்தி” என்றாள்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுக்கூரை வந்துவிட்டது. சின்னம்மாவுக்குப் பிறந்த அந்தப் பையன்தான் இன்றைக்கு அங்கே வாத்தியார். மழை முடிந்ததும் வருஷா வருஷம் சுவர் மெழுகி மலையை வரைகிறார்கள். ஊரெல்லாம் கொடி வரைகிறார்கள், ஓரத்தில் பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சொல்லக் கூடாததைச் சொல்லாமல் காத்த புத்திசாலி என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அந்தப் பெண் நான்தான்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதென்றால் நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். நான் எழுதாமல் விட்ட பெயரையும் இலையையும் விசாரித்துச் சேர்க்க வேண்டாம். முக்கியமாக என்னைப் புத்திசாலி ஆக்க வேண்டாம். வேரைப் பற்றியோ மலையைப் பற்றியோ அந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அம்மா முகம் வாடியிருந்தது. அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.